சிகாகோ பக்கத்து ஓக் காடும் பக்தார்னும்: சோம் வனத்துல 40 வருஷமா நடக்கிற வேலை

நவம்பர் நடுவுல சிகாகோவுக்கு வடக்க ஏதாவது ஒரு காட்டோரமா கார்ல போனீங்கன்னா ஒரு விஷயம் கண்ணுல படும். ஓக், மேப்பிள், எல்ம் எல்லாம் இலைய கொட்டிட்டு மொட்டையா நிக்கும், ஆனா அதுங்க காலடியில ஒரு ஆள் ரெண்டு ஆள் உயரத்துக்கு பச்சைப்பசேல்னு ஒரு திரை நிக்கும். நான் இங்க வந்த புதுசுல அதை போட்டோ எடுத்து "குளிர்லயும் எப்படி பச்சையா இருக்கு பாருங்க"ன்னு ஊருக்கு அனுப்பிருக்கேன். அந்தப் பச்சைதான் வியாதியேன்னு புரிய எனக்கு நாலு வருஷம் ஆச்சு.

அது பேரு பக்தார்ன். ஐரோப்பாவுல இருந்து 1800கள்ல வேலிக்குன்னு கொண்டு வந்த செடி. நாங்க வாங்கின வீட்டுப் பின்னாடியும் இதுதான் வேலி, பக்கத்து வீட்டுக்காரர் "அதை எடுத்துருங்க, காட்டுக்குள்ள பரவுது"ன்னு சொன்னாரு, சரின்னு ஒரு சனிக்கிழமை ரம்பத்தை எடுத்து எல்லாத்தையும் தரையோட அறுத்துட்டேன், வெட்டின இடம் உள்ள நல்ல ஆரஞ்சு கலர்ல இருந்துச்சு, பெருமையா வேற இருந்துச்சு. அடுத்த ஜூன்ல பாத்தா ஒவ்வொரு அடிக்கட்டையில இருந்தும் பத்துப் பன்னெண்டு குச்சி கிளம்பி முன்ன இருந்ததை விட அடர்த்தியா நிக்குது. இதை யாரு ஒழுங்கா பண்றாங்கன்னு தேடிப் போய்த்தான் நார்த்ப்ரூக் ஊர்ல இருக்கிற சோம் வனத்துக்கு வாலன்டியரா போய்ச் சேந்தேன். இந்த எழுத்து அந்த இடத்தைப் பத்தினது. அங்க 80கள்ல இருந்து என்ன நடந்துச்சு, எது சரியா வந்துச்சு, எங்க சொதப்புச்சு, ஊர்க்காரங்க ஏன் எதிர்த்தாங்கன்னு எனக்குப் புரிஞ்ச வரைக்கும் எழுதுறேன்.

இடம்

சிகாகோ இருக்கிற குக் கவுண்டியில (கவுண்டின்னா நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) ஃபாரஸ்ட் ப்ரிசர்வ்னு ஒரு அமைப்பு இருக்கு, 1914ல மக்கள் ஓட்டுப் போட்டு உருவானது. இன்னைக்கு அவங்க கையில சுமார் 70,000 ஏக்கர் நிலம், கவுண்டியோட மொத்தப் பரப்புல பத்துல ஒரு பங்குக்கு மேல. இவ்வளவு பெரிய நகரத்தை ஒட்டி இவ்வளவு காடா, எப்படி விட்டு வச்சாங்கன்னு எனக்கு இப்பவும் ஆச்சரியம்தான். அதுல ஒரு துண்டுதான் மேல சொன்ன சோம் வனத்துல இருக்கிற சோம் ப்ரெய்ரி க்ரோவ், சுமார் 85 ஏக்கர். பாதி புல்வெளி, பாதி ஓக் மரம், நடுவுல வெஸ்டல் க்ரோவ்னு ஒரு சின்ன ஓக் தோப்பு. நம்ம கதை முக்கியமா இந்தத் தோப்புலதான் நடக்குது.

காடுன்ன உடனே இருட்டா, உள்ள நுழைய முடியாம இருக்கும்னு நெனச்சுக்காதீங்க. இந்தப் பக்கத்து ஓக் காடு அப்படி இருந்ததே இல்ல. மரம் தள்ளித்தள்ளி நிக்கும், நடுவுல வெயில் தரை வரைக்கும் இறங்கும், கீழ புல்லும் பூவும் இடுப்பளவு நிக்கும். அப்படி வச்சிருந்தது நெருப்பு. போட்டவாட்டமி மாதிரியான பூர்வகுடிகள் வருஷா வருஷம் தீ வச்சாங்க, அது சருகையும் சின்னப் புதரையும் மட்டும் எரிச்சுட்டு போயிடும். பர் ஓக்னு ஒரு மரம் இருக்கு, பட்டை கார்க் மாதிரி தடியா இருக்கும், இந்த மாதிரி தரையோட ஓடுற தீ அதை ஒண்ணும் பண்ணாது. 1833 சிகாகோ ஒப்பந்தத்துல போட்டவாட்டமி மக்கள் கிட்ட இருந்து நிலத்தை வாங்கிட்டு அவங்களை மிசிசிப்பிக்கு மேற்க துரத்திட்டாங்க. அவங்களோட தீயும் போச்சு. காட்டோட கதை மாறினது உண்மையில அங்கதான், பக்தார்ன் அப்புறமா வந்தது.

எவ்வளவு போச்சுங்கிறதுக்கு ஒரு கணக்கு இருக்கு. வெள்ளைக்காரங்க குடியேறுறதுக்கு முன்னாடி மிட்வெஸ்ட் முழுக்க ஒரு கோடி ஹெக்டேருக்கு மேல இந்த மாதிரி திறந்த ஓக் நிலம், அவங்க சவானான்னு சொல்றது, இருந்துச்சாம். விக்டோரியா நுஸோன்னு ஒரு ஆய்வாளர் 1985 நிலவரப்படி நல்ல நிலைமையில மிச்சம் எவ்வளவுன்னு தேடினப்போ கிடைச்சது 0.02 சதவீதம். நூத்துக்கு ரெண்டுன்னு படிச்சிடாதீங்க, பத்தாயிரத்துக்கு ரெண்டு.

பக்தார்ன் எப்படி ஜெயிக்குது

இதைக் கொஞ்சம் விரிவா சொல்றேன், ஏன்னா இது புரியாம வெட்டப் போனா என் வீட்டுக் கதைதான் ஆகும்.

மத்த மரத்துக்கு முன்னாடி ஏப்ரல்லயே இது இலை விட்டுடும், நவம்பர் வரைக்கும் கொட்டாது. இங்க ட்ரில்லியம், ப்ளட்ரூட், வர்ஜீனியா ப்ளூபெல்னு ஒரு கூட்டம் பூச்செடி இருக்கு, ஓக் இலை விடுறதுக்கு முன்னாடி கிடைக்கிற அந்த சில வார வெயில்லதான் அதுங்க வருஷத்துக்கு வேண்டிய சாப்பாட்டை முழுக்க சேத்துக்கும். பக்தார்ன் அந்த வெயிலை மறைச்சிடும். ஓக் கன்னு நிழல்ல வளராது, அதனால மேல 200 வயசு தாத்தா ஓக் நிக்கும், கீழ ஒரு பேரப்புள்ளை கூட இருக்காது.

அடுத்தது சருகு. ஓக் இலை தோல் மாதிரி, மக்க நேரம் எடுக்கும், காஞ்சா சுருண்டுக்கும், நல்லா எரியும். பக்தார்ன் இலையில நைட்ரஜன் அதிகம், மண்புழுவுக்கு விருந்து, சீக்கிரமே தின்னு தீத்துடும். டிபால் பல்கலைக்கழகத்துல லியாம் ஹெனகன் கூட்டம் சிகாகோ காடுகள்ல மண்ணை எடுத்து சோதிச்சப்போ பக்தார்ன் அடியில நைட்ரஜன் கூடுதலா இருந்ததைப் பாத்தாங்க. மண்புழு உழவனின் நண்பன்னு ஸ்கூல்ல படிச்சவங்க நாம, ஆனா பனிப்பாறை மூடிக்கிடந்த இந்த ஏரிப் பிரதேசத்துல 10,000 வருஷத்துக்கு மேல சொந்த மண்புழுவே கிடையாது. இப்ப இருக்கிறதெல்லாம் பெரும்பாலும் ஐரோப்பாவுல இருந்து வந்தது. சரி, புழு சருகைத் தின்னுடுச்சு, தரை மொட்டையாச்சு, எரிய ஒண்ணும் இல்ல. பக்தார்னை அடக்கி வைக்கக்கூடிய ஒரே பழைய ஆயுதம் நெருப்பு, அந்த நெருப்பு உள்ள வர வழியையே அது அடைச்சு வச்சிருக்கு. முதல் தடவை இதைக் கேட்டப்போ பகையா இருந்தாலும் மரியாதைதான் வந்துச்சு.

விதை பரவுற கதை கொஞ்சம் சிரிப்பா இருக்கும். அறிவியல் பேர்லயே பேதி மருந்துங்கிற அர்த்தம் இருக்கு. பெண் மரம் கொத்துக்கொத்தா கருப்புப் பழம் விடும், வேற ஒண்ணும் கிடைக்காத குளிர்காலத்துல ராபின் மாதிரி பறவைங்க வந்து தின்னும், வயிறு நிக்காது, போற வழியெல்லாம் விதைச்சுக்கிட்டே போகும். இது போக இலையிலயும் பழத்துலயும் எமோடின்னு ஒரு பொருள் இருக்கு, வசந்தத்துல குட்டையில கரைஞ்சு தவளை முட்டைக்குள்ள வளர்ற குஞ்சைப் பாதிக்குதுன்னு ஆய்வகத்துல பாத்திருக்காங்க. விவசாயிக்கும் தொல்லை உண்டு, ஓட்ஸ் பயிர்ல வர்ற துரு நோய்க்கும் 2000ல அமெரிக்காவுல முதல்ல கண்டுபிடிச்ச சோயாபீன் அசுவினிக்கும் இதுதான் இடைத்தங்கல் வீடு.

எவ்வளவு இருக்குன்னா, 2010ல மார்டன் ஆர்போரீட்டம்ங்கிற மரப்பூங்காவும் அமெரிக்க வனத்துறையும் சேந்து சிகாகோ வட்டாரத்து ஏழு கவுண்டி மரங்களைக் கணக்கெடுத்தாங்க. மொத்தம் சுமார் 15.7 கோடி மரம், அதுல 28 சதவீதம் பக்தார்ன். அடுத்த இடத்துல வந்த க்ரீன் ஆஷ் 6 சதவீதம் கூட இல்ல. அந்த ஆஷையும் 2002ல டெட்ராய்ட் பக்கம் கண்டுபிடிச்ச எமரால்ட் ஆஷ் போரர்ங்கிற வண்டு கொன்னுக்கிட்டே வருது, மரம் செத்து விழுற இடத்துல வெயில் இறங்குது, அங்க என்ன முளைக்கும்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

இது மட்டும் இல்ல, ஹனிசக்கிள் புதர், மல்டிஃப்ளோரா ரோஸ், கார்லிக் மஸ்டர்ட்னு கூட்டாளிங்க நிறைய. ஆமூர் ஹனிசக்கிளை 1980கள் வரைக்கும் அரசாங்கத்து மண்வளத் துறையே பறவைக்கு நல்லதுன்னு சொல்லி ஊக்கப்படுத்துச்சு, மல்டிஃப்ளோரா ரோஸை 1930கள்ல உயிர்வேலின்னு விவசாயிகளுக்குக் கொடுத்தாங்க. சீமைக்கருவேலம் நம்ம ஊருக்கு வந்த கதை தெரிஞ்சவங்களுக்கு இதுல புதுசா ஒண்ணும் இருக்காது.

முதல் முயற்சி, முதல் தோல்வி

1977ல ஸ்டீவ் பேக்கர்ட்னு ஒருத்தர், தாவரவியல் பட்டம் எல்லாம் கிடையாது, சிகாகோ ஆத்தோட வடக்குக் கிளை ஓரமா இருந்த புல்வெளித் துண்டுகளைப் பாத்து மனசு கேக்காம ஆள் சேக்க ஆரம்பிச்சாரு. நார்த் ப்ராஞ்ச் ப்ரெய்ரி ப்ராஜெக்ட்னு பேரு. ஆசிரியர், ரிட்டயர் ஆனவங்க, இப்படி வாரக்கடைசியில வர்ற சாதாரண ஆளுங்கதான். ஆரம்பத்துல அவங்க குறி புல்வெளி மட்டும்தான். தீ வச்சாங்க, புல்லு நல்லா எரிஞ்சுது, ஆனா ஓக் தோப்பு ஓரத்துக்கு வந்ததும் தீ அணைஞ்சு போச்சு. காரணம்தான் மேல சொன்னேனே, உள்ள எரிய சருகு இல்ல.

சரி, பக்தார்னை வெட்டுவோம்னு வெட்டினாங்க. வெயில் இறங்கிச்சு. கையில இருந்த புல்வெளி விதையத் தூவினாங்க. இங்கதான் சறுக்கல். வெட்டவெளியில செழிப்பா வர்ற செடிங்க பாதி நிழல்ல வரல, வெறும் தரையில முள்செடியும் கண்ட களையும்தான் கிளம்புச்சு, பக்தார்ன் நாத்தும் திரும்ப வந்துச்சு. உழைப்பு முழுக்க வீண்னு தோணியிருக்கும். ஆனா தூவினதுல சில விதை மட்டும், புல்வெளியில எப்பவுமே ஓரமா ஒட்டிக்கிட்டு இருக்கிற ரகம், இந்த அரைநிழல்ல அமோகமா வந்துச்சு, க்ரீம் ஜென்ஷன், ஸ்டாரி கேம்பியன் மாதிரி. யாருக்கும் இதுங்க எங்க சேரும்னு சரியா தெரியாது, புல்வெளிச் செடியா காட்டுச்செடியான்னு புஸ்தகமே குழம்பும்.

பேக்கர்ட் பழைய பட்டியல்களைத் தேடப் போனாரு. இல்லினாயோட மேற்குப் பக்கத்துல அகஸ்டாங்கிற ஊர்ல சாமுவேல் மீட்னு ஒரு டாக்டர் 1846ல தன் பக்கத்துச் செடிகளை எல்லாம் எழுதி வச்சு, எது எது எந்த மாதிரி நிலத்துல வளரும்னும் குறிச்சிருந்தாரு. அதுல அந்தக் காலத்து ஆளுங்க பேரன்ஸ்னு சொன்ன திறந்த ஓக் நிலத்துக்குத் தனிக் குறி. இந்தக் கூட்டத்துக்குக் கண்ணுல பட்ட அந்த விட்டேத்திச் செடிங்க பேரு அங்க இருந்துச்சு. அதாவது அந்தச் செடிக் கூட்டம் தனியா ஒரு உலகமா இருந்துச்சு, அது இருந்ததையே எல்லாரும் மறந்துட்டாங்க. அந்தப் பட்டியலை வச்சுக்கிட்டு ரயில்பாதை ஓரம், பழைய சாலை ஓரம்னு அலைஞ்சு கைப்பிடி கைப்பிடியா விதை பொறுக்கி வந்து வெஸ்டல் க்ரோவ்ல தூவினாங்க. அப்புறம்தான் தரை மூடிச்சு, புல்லு காஞ்சு சருகாச்சு, தீ தானா தோப்புக்குள்ள நடந்து போச்சு.

எல்லா அறிஞர்களும் உடனே ஒத்துக்கல. இந்தக் கலவையை நீங்களா கற்பனை பண்றீங்க, இப்படி ஒரு இயற்கை இருந்துச்சுங்கிறதுக்கு என்ன ஆதாரம்னு கேட்டவங்க இருந்தாங்க. நியாயமான கேள்விதான், 1846 பட்டியல் ஒண்ணை வச்சு ஒரு காட்டையே கட்டுறோம்னா கேக்கத்தான் செய்வாங்க. ஆனா தோப்பைக் கணக்கெடுக்கிறதை மட்டும் பேக்கர்ட் கூட்டம் நிறுத்தவே இல்ல. 2020ல அந்தப் பல வருஷக் கணக்கு ஆய்வுக்கட்டுரையா வந்துச்சு, தரைச் செடிகளோட தரமும் வகையும் பெரிய அளவுல திரும்பி வந்ததா அதுல இருக்கு. வெட்டு, தீ, விதை, மான் கட்டுப்பாடு எல்லாம் சேத்து விடாம பண்ணினதுதான் காரணம்னு அவங்க சொல்றாங்க.

மான் பத்தி ஒரு வரி. ஓநாய் இல்ல, வேட்டை இல்ல, அதனால இந்தப் பக்கம் வெள்ளைவால் மான் பெருகிப் போச்சு, ஓக் கன்னையும் ட்ரில்லியத்தையும் தேடித்தேடித் தின்னும், பக்தார்னை அவ்வளவா சீண்டாது. அரிய செடிக்கு இங்க கம்பிக்கூண்டு போட்டு வைப்பாங்க. ஒயிட் ஃப்ரிஞ்ச்ட் ஆர்கிட்னு ஒண்ணு, 1989ல இருந்து மத்திய அரசோட அழியும் நிலை பட்டியல்ல இருக்கு. அதுக்கு இரவுல வர்ற அந்துப்பூச்சிதான் மகரந்தம் சேக்கணும், அதை நம்பி இருக்க முடியாதுன்னு வாலன்டியருங்க பல் குத்துற குச்சியால கையாலயே சேத்து விடுவாங்க. கல்யாண வீட்டு வேலை மாதிரி அவ்வளவு கவனமா செய்வாங்க.

1996

இந்தக் கதையோட அடுத்த திருப்பத்தை ஆதரவாளருங்க கொஞ்சம் வேகமா தாண்டிப் போவாங்க, நான் நின்னு சொல்றேன்.

1996 ஏப்ரல்ல இந்த மாதிரி சீரமைப்பு வேலைக்காக சிகாகோ வில்டர்னஸ்னு 34 அமைப்புங்க சேந்து ஒரு பெரிய கூட்டணி ஆரம்பிச்சாங்க. அடுத்த மாசமே பத்திரிகையில எதிர்ப்பு வெடிச்சுது. காட்டைக் காப்பாத்துறோம்னு சொல்லிட்டு மரத்தை வெட்டுறாங்க, களைக்கொல்லி தடவுறாங்க, வீட்டுப் பக்கத்துல தீ வைக்கிறாங்க, மானைச் சுடுறாங்க, எங்க கிட்ட யாரு கேட்டாங்க? நகரத்தோட வடமேற்கு ஓரத்துல காட்டை ஒட்டி வீடு வச்சிருந்தவங்களுக்கு அந்த பக்தார்ன் திரைதான் ரோட்டு சத்தத்தை மறைச்சுக்கிட்டு இருந்துச்சு. ஒருநாள் காலையில எழுந்து பாத்தா திரையைக் காணோம். அந்த வருஷமே கவுண்டி போர்டு தலைவர் ஜான் ஸ்ட்ரோஜர் இந்த வேலை முழுக்கத் தடை போட்டாரு. அடுத்த வருஷம் பல இடத்துல தளர்த்தினாங்க, ஆனா வடமேற்கு ஓரத்துல சில இடத்துல 2006 வரைக்கும் தடை நீடிச்சுது.

பத்து வருஷம்னா பக்தார்னுக்கு ரெண்டு தலைமுறை பழம். அதை நெனச்சா வருத்தம்தான். ஆனா என் கருத்து, தப்புல பாதி சீரமைப்பு வேலை பண்ணினவங்க பக்கமும் இருந்துச்சு. பொதுச் சொத்துல, அதுவும் ஓட்டுப் போட்டு வாங்கின காட்டுல, ரம்பத்தோட போறவன் ஒரு போர்டாவது வச்சிட்டுத்தான் போகணும். அந்நியச் செடி, படையெடுப்பு, ஒழிப்புன்னு பேசுற பாஷையும் கேக்கிற எல்லாருக்கும் ஒரே மாதிரி காதுல விழாது, குடியேறி வந்த என்னை மாதிரி ஆளுக்கு முதல் நாள் மீட்டிங்ல கொஞ்சம் நெளிஞ்சுதான் உக்கார வேண்டி இருந்துச்சு. இப்ப அங்க வேலை நடக்கிற இடத்துல என்ன, ஏன், எப்ப, யார்கிட்ட கேக்கணும்னு எழுதி வைக்கிறாங்க.

ஊர் மனசு மாறினதுக்கு ஒரு அளவுகோல் சொல்றேன். 2014ல ஃபாரஸ்ட் ப்ரிசர்வ் 30,000 ஏக்கரைச் சீரமைக்கணும்னு ஒரு நூற்றாண்டுத் திட்டம் போட்டுச்சு, காசு பத்தல. 2022 நவம்பர்ல இதுக்காகச் சொத்துவரியைக் கூட்டலாமான்னு மக்கள்கிட்டயே ஓட்டுக்கு விட்டாங்க, மூணுல ரெண்டு பங்குக்கு மேல சரின்னு குத்தினாங்க. வரியைக் கூட்டச் சொல்லி ஓட்டா!

இப்ப வேலை எப்படி நடக்குது

குளிர்காலம்தான் சீசன். தரை உறைஞ்சிருந்தா மிதிபட்டு மண் கெடாது, பூச்செடி எல்லாம் அடியில தூங்கிட்டு இருக்கும். கையில வில் ரம்பம், லாப்பர்ங்கிற நீளக் கைப்பிடி கத்தரி. அறுத்த உடனே, நிமிஷக் கணக்குல, அடிக்கட்டையில மருந்து தடவணும், நீலச் சாயம் கலந்திருப்பாங்க, எது தடவினது எது தடவாததுன்னு தெரியறதுக்கு. மருந்து தடவ லைசன்ஸ் இருக்கிற ஆள்தான் தடவலாம். நான் வீட்டுல விட்ட ஸ்டெப் இதுதான். விரல் தடிமன் நாத்துன்னா ஈரமண்ணுல வேரோட பிடுங்கிடலாம், மருந்தே வேண்டாம். வெட்டினதைக் குவிச்சுப் பனிக்கு நடுவுல தீ மூட்டுவாங்க, ஆளுக்கு ஆள் வீட்டுல இருந்து கொண்டு வந்ததைச் சாப்பிட்டுக்கிட்டு சுத்தி நிப்போம், சொல்லப்போனா பாதி பேரு அதுக்குத்தான் வர்றாங்க.

புதுசா வர்றவங்க பண்ற தப்பு ஒண்ணு உண்டு, ப்ளாக் செர்ரியையும் காட்டுப் ப்ளம்மையும் பக்தார்ன்னு நெனச்சு அறுக்கிறது. சந்தேகமா இருந்தா பட்டையைச் சுரண்டிப் பாருங்க, பக்தார்ன்னா உள்ள ஆரஞ்சு அடிக்கும், கிளை நுனியில சின்னதா முள்ளு இருக்கும், இலை நரம்பு நுனி நோக்கி வளைஞ்சு போகும்.

கார்லிக் மஸ்டர்ட் மே மாச வேலை. 1868ல நியூயார்க் பக்கம் லாங் ஐலண்ட்ல முதல்ல பதிவானது, ரெண்டு வருஷச் செடி, கசக்கினா பூண்டு வாசனை. மரவேருக்குத் துணை நிக்கிற பூஞ்சையை இது கெடுக்கும். பூ வந்த செடியைப் பிடுங்கி அங்கயே போட்டா செத்த செடியிலயும் விதை முத்திடும், அதனால பையில கட்டித் தூக்கிட்டு வரணும். துவையல் அரைச்சுப் பாத்தேன், கொஞ்சம் கசப்பு, தேங்காய் கூட வச்சா பரவாயில்ல, மருந்தடிச்ச இடத்துச் செடியை மட்டும் தொட்டுடாதீங்க. ஆனா இந்தச் செடி விஷயத்துல எனக்கு இப்ப உற்சாகம் குறைஞ்சிருக்கு. கார்னெல் பல்கலைக்கழகத்துல பெர்ன்ட் ப்ளாஸி கூட்டம் பல வருஷம் கவனிச்சு, விட்டுட்டா இது சில வருஷத்துல தானாவே அடங்கத் தொடங்குதுன்னு சொல்லியிருக்காங்க. அப்படின்னா அந்த மே மாச ஆள்பலத்தை விதை பொறுக்கவும் கம்பிக்கூண்டு கட்டவும் திருப்பி விட்டா என்னங்கிறது என் கட்சி. எங்க க்ரூப்ல இதுக்கு ரெண்டு பேரு தவிர ஆதரவு இல்ல. பக்தார்ன் அப்படித் தானா அடங்குதுன்னு யாரும் சொல்லல.

வெட்டுறது எல்லாருக்கும் பிடிக்குது, கண்ணுக்குப் பலன் அன்னைக்கே தெரியும். விதை பொறுக்குறதுக்குத்தான் ஆள் பத்தல. செப்டம்பர், அக்டோபர்ல ஒவ்வொரு வகையும் எப்ப முத்தும்னு தெரிஞ்சு நாலு தடவை அதே இடத்துக்கு நடக்கணும், ஒரு செடியில கொஞ்சம் எடுத்து மீதியை அதுக்கே விட்டுட்டு வரணும், காய வச்சு, தேய்ச்சு, ஈர நிலத்துக்கு ஒரு கலவை அரைநிழலுக்கு ஒரு கலவைன்னு பிரிக்கணும். ஆனா வெஸ்டல் க்ரோவ்ல தரை மூடினது இதனாலதான். வெட்டிட்டு விதைக்காம விட்ட இடங்களைப் பாத்திருக்கேன், மூணாவது வருஷம் என் வீட்டு வேலி மாதிரியே இருக்கும்.

என் வேலியில இப்ப அமெரிக்கன் ஹேசல்நட்டும் ப்ளாக்ஹாவும் வச்சிருக்கேன். பழைய அடிக்கட்டைய எல்லாம் திரும்ப அறுத்து ஒழுங்கா மருந்து போட்டாச்சு. முதல் குளிர்ல முயல் வந்து ஹேசல்நட் தண்டை மொழுக்கா கடிச்சிட்டு போயிடுச்சு, கோழிவலை சுத்தினப்புறம் பொழச்சுக்கிச்சு, இப்ப முட்டி உயரம். ரோட்டுக்கு அந்தப் பக்கம் யாரோ இன்னும் பெண் பக்தார்ன் வச்சிருக்காங்க, ராபின் என் வேலி மேலதான் வந்து உக்காருது, போன வசந்தத்துல மட்டும் கீழ பதினேழு நாத்து பிடுங்கினேன்.